புலி வருது! புலி வருது!

மாடு மேய்க்கும் சிறுவன் 'புலி வருது, புலி வருது' என்று கூவி ஊராரை ஏமாற்றிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு இராது. அந்தக் கதையில் குற்றம் சிறுவனுடையது. ஆனால், காவலுக்கென்றே சம்பளம் கொடுத்து அமர்த்திய ஒருவன், விளையாட்டுக்காக அன்றி, மெய்யாகவே பூனையைப் புலியென்று நம்பிக் கூவினால் என்ன செய்வீர்கள்? அவனை வேலையைவிட்டு நீக்கவும் இயலாது. அவன் கூவும்போதெல்லாம் தடியெடுத்துக்கொண்டு ஓடவும் இயலாது. கணிப்பொறி உள்ள வீடுகளிலும் கடைகளிலும் இன்று நிலவும் சங்கடம் இதுவே. ஆன்ட்டி வைரஸ் என்று வழங்கப்படும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், குற்றமற்ற கோப்பைக் குற்றவாளியென்று பிடித்து அடைத்துவிடும் பொய் எச்சரிக்கையைப் பற்றியே இங்குச் சொல்லப் போகிறோம்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் பிறந்து இறங்கிவரும் செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர், தாலுகாவின் தலைமையிடம். இத்தகைய ஊர்களில் மனு எழுத, வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பிக்க, பாஸ்போர்ட்டுக்கும் ஹஜ் பயணத்துக்கும் படிவம் நிரப்ப, நிக்காஹ் அழைப்பிதழ் அச்சிட என எல்லாவற்றுக்கும் மக்கள் நாடி வருவது கணினி மையங்களைத்தான். அப்படிப்பட்ட மையம் ஒன்றில் சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து பட்டா மாறுதலுக்காக வந்த பெரியவர் ஒருவர் நாற்காலியில் காத்திருக்கிறார். திங்கட்கிழமை திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்க வேண்டிய மனுவைத் தமிழில் தட்டச்சு செய்ய உரிமையாளர் அமர்கிறார். தமிழ் எழுத்துகள் வரவில்லை. விசையைத் தட்டினால் ஆங்கில எழுத்தே விழுகிறது. திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம்: 'விசைத் திருடன் பிடிபட்டான், அகற்றப்பட்டது.' அகற்றப்பட்டது வேறெதுவுமில்லை, பல்லாண்டுகளாக அவர் பயன்படுத்திவந்த இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்.

"என்ன பாய், ஆகாதா?" என்று பெரியவர் கேட்கிறார். பாய்க்குப் பதில் தெரியவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். எனினும் இதில் வரும் எதுவும் நடக்கவொண்ணாதது அன்று. ஏன் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போய் ஒரு காவல்காரன் திருடன் என்று எண்ண வேண்டும்? இதனை விளங்கிக்கொண்டால் பொய் எச்சரிக்கையின் பாதி மர்மம் விளங்கிவிடும்.

விசைப்பலகையில் நீங்கள் ஆங்கிலத்தில் 'அம்மா' என்பதற்குரிய விசைகளைத் தட்டுகிறீர்கள். திரையில் தமிழ் எழுத்து வரவேண்டுமானால், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடையில் நின்று பார்த்து, அதைப் பிடித்து நிறுத்தி, அதற்கு ஈடான தமிழ் எழுத்தை அனுப்பும் ஓர் இடைத்தரகர் வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் தீய மென்பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதுவும் இடையில் நின்று ஒவ்வொரு விசையையும் பார்க்கிறது. ஒன்று பார்த்ததைத் தமிழாக்கித் தருகிறது. மற்றொன்று பார்த்ததைக் களவாடி வெளியூருக்கு அனுப்புகிறது. வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு இருவருடைய நடையும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதில் நம் மொழிக்கென்றே ஒரு தனித் துன்பமும் உண்டு. அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பெருநிறுவனங்களின் ஆலைகளில் பிறந்தவை அல்ல. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அழகி, விசுவநாதன் என்ற தனி மனிதரின் உழைப்பு. இன்றைய காவல் மென்பொருள்கள் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. உலகில் எத்தனை பேர் அதனை வைத்திருக்கிறார்கள், அதன்மேல் ஒரு நிறுவனத்தின் மின்கையொப்பம் இருக்கிறதா என்பதையும் பார்க்கின்றன. அந்தக் கையொப்பச் சான்றிதழை அவ்வப்போது விலை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். ஊதியமின்றித் தமிழுக்கு உழைக்கும் ஒருவர் எங்கே போவார்? கோடிக்கணக்கானோர் வைத்திருக்கும் அமெரிக்க மென்பொருளுக்குக் கிடைக்கும் மரியாதை, சில ஆயிரம் பேர் வைத்திருக்கும் தமிழ் மென்பொருளுக்குக் கிடைப்பதில்லை. ஊருக்குப் புதியவனைக் கண்டால் நாய் குரைப்பதைப் போன்றதுதான் இதுவும். தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட பின்னும், அதனைக் கணிப்பொறிக்குள் கொண்டுவர வெளியார் மென்பொருளையே மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2019ஆம் ஆண்டில்தான் விண்டோஸ் 10 தன்னுள்ளேயே தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையைப் பெற்றது. வீட்டுக்காரரே அழைத்து வந்த விருந்தாளி என்பதால் அதனைப் பார்த்துக் காவல்காரன் குரைப்பதில்லை.

காவல்காரன் ஆளை அடையாளம் காண்பது எவ்வாறு?

முற்காலத்தில் இது எளிதாக இருந்தது. ஐ.பி.எம். வகைத் தனிக் கணிப்பொறிகளைத் தாக்கிப் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்', 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டுபிடிக்கவே அதனை எழுதியதாக அவர்கள் கூறினார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள்! விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன திருடர் வேறு எவரும் இருக்க முடியாது. அத்தகைய வைரஸ்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தவரை, ஒவ்வொன்றுக்கும் உரிய அங்க அடையாளத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தேடினால் போதுமானதாக இருந்தது. சென்னையைச் சேர்ந்த கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் 1991இல் தொடங்கப்பட்டபோது நிலைமை ஏறத்தாழ இதுதான்.

இன்றோ, ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நாள்தோறும் 4,50,000க்கும் மேற்பட்ட புதிய தீய மென்பொருள்களையும் வேண்டாத மென்பொருள்களையும் பதிவு செய்வதாகக் கூறுகிறது. ஒவ்வொன்றுக்கும் அங்க அடையாளம் எழுத மனிதரால் ஆகாது. ஆகவே காவல் மென்பொருள்கள் ஊகத்தில் இறங்கின. 'இந்தக் கோப்பு தன்னைத்தானே சுருக்கி மறைத்துக்கொண்டிருக்கிறது, விசைகளைப் பார்க்கிறது, தொடக்கத்திலேயே தானாக இயங்குகிறது, ஆகவே ஐயத்திற்குரியது' என்று மதிப்பெண் போடுகின்றன. நல்லவனும் இடத்தை மிச்சப்படுத்தக் கோப்பைச் சுருக்குவான். கெட்டவனும் முகத்தை மறைக்கச் சுருக்குவான். ஊகம் பெருகப் பெருகத் தவறும் பெருகும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். உங்கள் கணிப்பொறியில் 3 லட்சம் கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். காவல்காரன் லட்சத்தில் ஒன்றை மட்டுமே தவறாகப் பிடிப்பவன் என்றும் கொள்வோம். மனிதரில் அத்தகைய நுட்பமான காவலரைக் காண்பது அரிது. அப்படியும் மூன்று நிரபராதிகள் சிக்கிக்கொள்வார்கள். கண்டதையும் இறக்கிக்கொள்ளாத ஒழுங்கான வீட்டில் மெய்யான வைரஸ் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். அந்த வீட்டில் எழுந்த மூன்று கூக்குரலும் பொய்யே. இதே காவல்காரனை, நாளொன்றுக்கு இருபது பேருடைய பென் டிரைவ்கள் செருகப்படும் ஒரு கணினி மையத்தில் நிறுத்துங்கள். அங்கே அவன் கூவுவதில் பெரும்பாலானவை மெய்யாகவே இருக்கக்கூடும். ஒரே எச்சரிக்கை, இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

பெரியவர்களும் சறுக்கினார்கள்

சிறிய நிறுவனங்கள்தாம் தவறு செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். 2007ஆம் ஆண்டு மே மாதம், சிமான்டெக் நிறுவனத்தின் நார்ட்டன், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு உயிர்நாடிக் கோப்புகளைத் தீயவை என்று பிடித்து அடைத்தது. அணைத்து மீண்டும் போட்ட கணிப்பொறிகள் எழவேயில்லை.

2010 ஏப்ரல் 21ஆம் நாள் நடந்தது இதனினும் பெரிது. மெக்காஃபி நிறுவனம் அன்று அனுப்பிய 5958 எனும் எண்ணுடைய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியில் பல பணிகளைத் தாங்கி நிற்கும் 'எஸ்விசி ஹோஸ்ட்' என்ற கோப்பை வைரஸ் என்று தீர்மானித்தது. வீட்டின் நடுத்தூணைத் திருடன் என்று வெட்டிச் சாய்த்ததற்கு ஒப்பான செயல் இது. கணிப்பொறிகள் ஓயாமல் அணைந்து எழுந்து, அணைந்து எழுந்து தவித்தன, வலையமைப்பையும் இழந்தன. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பல மருத்துவமனைகள், பெருங்காயமுற்றவர்களைத் தவிரப் பிறரை அவசரப் பிரிவில் சேர்க்க இயலாமல் தவித்தன. தள்ளிவைக்கக்கூடிய அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் அங்காடிகள் சிலவற்றில் பணம் பெறும் இயந்திரங்கள் நின்றுபோய்க் கடையடைக்க நேர்ந்தது. நிறுவனம் சில மணி நேரத்துக்குள் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போதும் ஏற்கெனவே விழுந்த கணிப்பொறிகளை ஒவ்வொன்றாக ஆள் சென்றே எழுப்ப வேண்டியிருந்தது.

2012 செப்டம்பர் 19 அன்று சோஃபோஸ் நிறுவனத்தின் காவல் மென்பொருள், தன்னுடைய அப்டேட் செய்யும் பகுதியையே வைரஸ் என்று பிடித்து அடைத்தது. தன் கையைத் தானே விலங்கிட்டுக்கொண்ட காவல்காரனை யார் விடுவிப்பது? தவறைத் திருத்தும் அப்டேட் வரவேண்டிய வழியும் அடைபட்டுப் போயிற்று. 2022 செப்டம்பர் 4ஆம் நாள், விண்டோஸுடன் இலவசமாகவே வரும் டிஃபெண்டர், குரோம், எட்ஜ் உலாவிகளைத் திறக்கும்போதெல்லாம் 'ஹைவ்' என்ற பெயரில் வைரஸ் இருப்பதாகக் கூவியது. அன்றே தவறு திருத்தப்பட்டது.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றதும், நம் நாட்டு விமான நிலையங்களில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அது கிரவுட்ஸ்ட்ரைக் எனும் காவல் மென்பொருளின் பழுதான அப்டேட்டால் நேர்ந்தது. பொய் எச்சரிக்கை அன்று. இருந்தாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2010இல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான், 2024இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர்.

பொய் எச்சரிக்கையினும் கொடியது

அறுந்துபோன கோப்பை மீட்கலாம். விழுந்த கணிப்பொறியை எழுப்பலாம். பொய் எச்சரிக்கையால் விளையும் பெருங்கேடு வேறொன்று. 'இது எப்போதும் இப்படித்தான் கத்தும்' என்ற எண்ணம் வீட்டாருக்கு வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தைத் திருடர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய படம் திருத்தும் மென்பொருளை, பூட்டு உடைத்த திருட்டுப் பிரதியாக இறக்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்க் கடைகளில் பரவலாக உண்டு. அந்தப் பிரதியோடு ஒரு குறிப்பும் வரும்: 'நிறுவும் முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிடவும். அது பொய் எச்சரிக்கை தரும்.' சற்றே சிந்தியுங்கள். வீட்டுக்குள் நுழைய வருபவனே, 'முதலில் நாயைக் கட்டுங்கள், அது வீணாகக் குரைக்கும்' என்று சொன்னால் கட்டிவிடுவீர்களா? 2018ஆம் ஆண்டு முதல் பரவிய ஸ்டாப் அல்லது ஜாவு எனப்படும் பணயக் கொள்ளை வைரஸ், பெரும்பாலும் இத்தகைய திருட்டுப் பிரதிகளின் வழியாகவே வீடுகளுக்குள் புகுந்தது. பிள்ளைகளின் படங்கள், திருமண வீடியோ, சொத்துப் பத்திரங்களின் நகல் என எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி என்று தள்ளுபடியும் அறிவித்தது.

'பொய் எச்சரிக்கை' என்ற சொல்லை யார் சொல்கிறார் என்று பார்ப்பது ஆகவே மிக அவசியம்.

இன்னொரு வகையும் உண்டு. அது காவல்காரனின் பிழையன்று. காவல்காரன் வேடம் போட்டவனின் சூது. இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும், 'உங்கள் கணிப்பொறியில் வைரஸ்! உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று திரை முழுவதும் அலறும். சில வேளை ஒலியும் எழுப்பும். கணவரோ மகனோ வளைகுடாவில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் சகோதரியர் இதனைக் கண்டு பதறிப்போய் அந்த எண்ணுக்குப் பேசினால், மறுமுனையில் இருப்பவர் இனிமையாகப் பேசித் தொலைவிலிருந்தே கணிப்பொறியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடுவார். அடுத்து வங்கிக் கணக்குதான். இந்தியாவிலிருந்தே வெளிநாட்டாரை இவ்வாறு ஏமாற்றிய போலி அழைப்பு மையங்களின்மீது, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களையும் ஏற்று, 2023 அக்டோபரில் 'சக்ரா 2' என்ற பெயரில் சி.பி.ஐ. சோதனைகள் நடத்தியது. மெய்யான ஆன்ட்டி வைரஸ் எதுவும் தன் எச்சரிக்கைக் கட்டத்தில் 'உடனே எனக்குப் போன் செய்' என்று சொல்வதில்லை. அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூடவில்லையெனில் கணிப்பொறியை அணையுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அப்போதே புகார் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறையும்.

கூக்குரல் எழாததாலேயே திருடன் இல்லை என்றும் ஆகிவிடாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து சில செயலிகளை நீக்கியது. தொழுகை நேரம் காட்டும் 'அல்-மோஅஸின் லைட்' அவற்றுள் ஒன்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. கிப்லா திசை காட்டும் செயலியொன்றும் பட்டியலில் இருந்தது. அவற்றுக்குள் ஒரு வெளியார் நிறுவனம் வைத்திருந்த பகுதி, பயனாளிகளின் இருப்பிடம், தொலைபேசி எண், மின்னஞ்சல் முதலியவற்றைத் திரட்டியதை செர்ஜ் ஈகல்மன், ஜோயல் ரியர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்பகுதியை நீக்கிய செயலிகள் பின்னர் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இவை திருட்டுக் கடையில் கிடைத்தவை அல்ல. அதிகாரபூர்வமான கடையிலேயே இருந்தவை.

சிவப்புக் கட்டம் தோன்றினால்

முதலில் 'நீக்கு' என்பதை அழுத்த வேண்டாம். 'அனுமதி' என்பதையும் அழுத்த வேண்டாம். பெரும்பாலான காவல் மென்பொருள்கள் பிடித்த கோப்பை அழிப்பதில்லை. ஒரு தனியறையில் அடைத்து வைக்கின்றன. டிஃபெண்டராயின், விண்டோஸ் செக்யூரிட்டியினுள் 'புரொட்டெக்‌ஷன் ஹிஸ்டரி' என்ற இடத்தில் எந்தக் கோப்பு, எந்த நாள், எந்தப் பெயரால் பிடிபட்டது என்பதைக் காணலாம். அடைபட்ட கோப்பால் தீங்கில்லை. ஆகவே விசாரிக்க உங்களுக்கு நேரம் உண்டு.

அடுத்து, எச்சரிக்கைக்குச் சற்று முன் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எவரோ கொடுத்த பென் டிரைவைச் செருகினீர்களா? அறிமுகமற்ற மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தீர்களா? வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்று வந்த செயலிக் கோப்பைத் தட்டினீர்களா? ஆம் எனில் காவல்காரனை நம்புங்கள். அவன் சொல்வது பெரும்பாலும் மெய்யாக இருக்கும். புதிதாக எதுவும் செய்யாதிருக்க, ஐந்தாறு ஆண்டுகளாக இருந்துவரும் மென்பொருளை, நேற்று வந்த அப்டேட்டுக்குப் பின் இன்று திடீரெனப் பிடித்தால், காவல்காரன்மீது ஐயம் கொள்ள இடமுண்டு. மேலே போட்ட கணக்கு இங்கேதான் உதவுகிறது.

ஐயம் தீர மற்றொரு வழி, பலரிடம் கேட்பது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு 2012 முதல் கூகுளின் வசமுள்ள 'வைரஸ் டோட்டல்' தளத்தில் ஒரு கோப்பைக் கொடுத்தால், ஏறத்தாழ எழுபது காவல் மென்பொருள்கள் அதனைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். எழுபதில் ஓரிருவர் மட்டும், அதிலும் பொதுவான பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால், பொய் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். பாதிக்கு மேற்பட்டோர் ஒரே பெயரைச் சொன்னால் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் ஒன்று: அங்கே கொடுக்கும் கோப்பைப் பிற நிறுவனங்களும் ஆய்வாளர்களும் பார்க்க முடியும். மென்பொருளைக் கொடுங்கள், பாஸ்போர்ட் நகலையோ, ஆதாரையோ, குடும்பப் படங்களையோ ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

பொய் எச்சரிக்கைதான் என்று பட்டால், அந்த மென்பொருளை ஆக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கிப் பாருங்கள். அதுவும் பிடிபட்டால், காவல் மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தவறாகப் பிடிபட்ட கோப்பை அனுப்புவதற்கென்று மைக்ரோசாஃப்ட் முதலான நிறுவனங்கள் தம் தளங்களில் தனிப் படிவமே வைத்திருக்கின்றன. மென்பொருளை ஆக்கியவருக்கும் ஒரு வரி தெரிவியுங்கள். தனி மனிதராக உழைக்கும் அவருக்கு, தம் மென்பொருள் எங்கோ ஓர் ஊரில் திருடனாக்கப்பட்டிருக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். பதில் வரச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை கோப்பு அடைபட்ட இடத்திலேயே இருக்கட்டும். ஆன்ட்டி வைரஸை முழுவதுமாக நிறுத்த வேண்டிய தேவை எழாது. கோப்பு நல்லதே என்று உறுதியானபின், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு அளிக்க வசதி உண்டு. திங்கட்கிழமை மனு போன்ற அவசர வேலையாயின், விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் நேரமில்லையெனில், கைபேசியில் தமிழில் தட்டி, மின்னஞ்சல் வழியே கணிப்பொறிக்கு அனுப்பி அச்செடுத்துக் கொடுத்துவிடலாம்.